அண்ணியின் கால்களாகப் போனவன்

உலகத்தில் குட்டையான மனிதர் என்று எவரும் கிடையாது. தரைதான் சில பேருக்குக் கொஞ்சம் தாழ்வாக அமைந்துவிடுகிறது. ஒரே தேநீரை மூன்று பேர் பகிர்ந்துகொண்டிருந்த கல்லூரி உணவக மேசையில் ‘கொள்கை’ இதை அறிவித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காததால், எந்த இடத்தில் சிரிப்பது என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

எதற்கெடுத்தாலும் ஒரு கொள்கை வைத்திருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைத் தேர்வு முடிவு வரும் நாளில் மட்டும் பயன்படுத்துவார்கள். மோட்டார் சைக்கிள் விஷயத்தில் அவனுடைய கொள்கை கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கத்துக்கு ஒட்டப்பட்டிருந்தது. சேற்றிலும் சரிவிலும் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, உந்தி உந்தி வண்டியை நகர்த்துகிறவர்களை அதில் அவன் ஒரு கை பார்த்திருந்தான். ‘தவழ்வதற்கு எஞ்சின் எதற்கு?’ என்பது தலைப்பு. ‘ஒரு வயதுக்குள் முடித்திருக்க வேண்டிய வேலையைச் சிலர் பெட்ரோல் போட்டுச் செய்கிறார்கள்’ என்பது முதல் வரி. சுவருக்கு முன்னால் கூட்டம் நின்றது. கட்டுரையாளர் தார்ச்சாலையை விட்டு இறங்கி ஒரு முழம்கூட வண்டி ஓட்டியதில்லை என்பதும், சராசரி உயரத்துக்கு ஒரு சாண் குறைவு என்பதும் கட்டுரைக்கு வெளியே உள்ள விஷயங்கள்.

வீட்டிலும் அவனுக்கு ஒரு வாசகி உண்டு. அண்ணி. அண்ணனுக்குக் கப்பலில் வேலை. ஆண்டில் பாதி தண்ணீரில். அண்ணி கால்நடை மருத்துவமனையில் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மாட்டுக்கு ஒரு எண், ஆட்டுக்கு ஒரு எண். “மாடு மட்டும்தான்டா என் முகத்தைப் பாக்குது. கூட்டிட்டு வர்றவங்க சீட்டைத்தான் பாக்குறாங்க” என்பாள்.

அந்த ஜன்னலை விட்டு வெளியே வர இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. மேட்டுப் பகுதிக் கொட்டகைகளுக்குத் தடுப்பூசிப் பெட்டியைக் கொண்டுபோகும் வேலை. அங்கே சாலை கிடையாது; மாடு நடந்து நடந்து உண்டான தடம்தான். சொந்த வண்டி வேண்டும். மாதக் கடைசியில் டாக்டரே கூட வந்து ஒரு சுற்றுப் பார்ப்பார். பெட்டி முழுசாகத் திரும்பினால் வேலை அண்ணிக்கு. இல்லாவிட்டால் மறுபடியும் மாட்டுக்கு ஒரு எண், ஆட்டுக்கு ஒரு எண்.

உரிமம் கைக்கு வந்து சூடு ஆறவில்லை. பயிற்சி மைதானத்தில் எட்டுப் போட்டது மட்டுமே அண்ணியின் அனுபவம். ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை.

“லேசா இருக்கணும். விழுந்தா நானே தூக்கணும். சீட்டு தாழ இருக்கணும், நிறுத்தினா ரெண்டு பாதமும் தரையில படணும். அழகு கிழகெல்லாம் உங்க கல்லூரி வாசல்ல வச்சுக்கோ.”

பழைய வண்டி விற்கும் கடையில் அப்படிப்பட்ட மலைத்தட வண்டிகள் இரண்டு வந்திருந்தன. சாயங்காலம் வேறு யாரோ பார்க்க வருகிறார்கள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அன்றைக்கென்று மருத்துவமனையில் முகாம். அண்ணியால் ஜன்னலை விட்டு நகர முடியாது.

“நீ போயிட்டு வாடா. நீயும் நானும் ஒரே உயரம்தானே.”

அது உண்மை. அண்ணி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அம்மா இருவரையும் முதுகோடு முதுகு நிற்க வைத்து, தலைமேல் மர ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். ஸ்கேல் எந்தப் பக்கமும் சாயவில்லை. அன்றிலிருந்து வீட்டில் இருவருக்கும் சேர்த்து ஒரே ஜோடி மழைக்கால பூட்ஸ்.

“உன் கால் எட்டினா என் கால் எட்டின மாதிரி. இன்னைக்கு ஒரு நாள் எனக்குக் காலா இருந்துட்டு வா.”

“தலையா இருக்கச் சொன்னாத்தான் யோசிப்பேன் அண்ணி. காலுக்கென்ன, கூலியில்லாமலே போவேன்.”

“கொழுந்தனாருக்குப் பெரிய மனசு. அளவுக்கு மீறி இருக்கு, உடம்புல எங்க வச்சிருக்கீங்க?”

கடையில் சின்ன வண்டி கதவோரம் நின்றிருந்தது. வெளுத்துப்போன பச்சை. ஒல்லியான சீட்டு, மெல்லிய டயர். இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினால் நகர்ந்துவிடும்போல் இருந்தது. கொள்கை ஏறி உட்கார்ந்தான். பின்பக்கம் லேசாக அமுங்கி, இரண்டு பாதமும் குதிகால் வரை தரையில் பதிந்தன. அண்ணி கேட்டது அதேதான். அத்தோடு இறங்கியிருக்கலாம். எதிரே கண்ணாடிக் கதவு இருந்தது. அதில் அவன் பேரனுடைய மூன்று சக்கர வண்டியில் ஏறிப் பார்க்கும் தாத்தாபோல் தெரிந்தான்.

பெரியது சிவப்பு. முன் மட்கார்டு கழுகு மூக்குபோல் நீண்டிருந்தது. முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு பூனை படுத்துத் தூங்கலாம். அது ஒரு சிமெண்டுப் படியை ஒட்டி நின்றது. கொள்கை படியில் ஏறி, அங்கிருந்து வண்டியில் ஏறினான். இடது கால் படியின் மேல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தான். கட்டுரைக்குப் பொருத்தமான ஆள் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, படியை விட்டுத் தள்ளி நிறுத்தித் தரேன், சமதரையில உட்கார்ந்து பாருங்க,” என்றார் கடைக்காரர்.

“வேண்டாம்ணே. எனக்கே தெரியும்.”

அண்ணியிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் ஏதோ ஒரு கன்று தன் எண்ணை ஏற்காமல் கத்திக்கொண்டிருந்தது.

“எட்டுதாடா?”

“எட்டுது அண்ணி.”

“எதுல உட்கார்ந்திருக்க?”

“பெருசுல.”

“ரெண்டு காலுமா எட்டுது?”

கொள்கை குனிந்து வலது காலைப் பார்த்தான். அது தரைக்கு ஒரு சாண் மேலே எந்தப் பொறுப்பும் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

“ரெண்டும்தான்.”

“அந்தச் சின்னது எப்படி?”

“அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம். அடிப்பக்கம் தாழ்வு, மேட்டுக் கல்லெல்லாம் இடிக்கும்.”

ஒரு நொடி யோசித்துவிட்டு அண்ணி சொன்னாள்: “சரி. நீ உட்கார்ந்து பாத்துச் சொல்றதுதானே. நீ சொன்னா சரி.”

நல்ல வண்டியை வாங்கிய கையோடு ஓட்டிக்கொண்டு வராமல், கடை ஆளிடம் கொடுத்து அனுப்பிவிட்டுக் கொள்கை பஸ்ஸில் வீடு திரும்பினான். அவசர வகுப்பு என்றான். அன்று கல்லூரி விடுமுறை என்பதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் அண்ணி ஆசையோடு வண்டியைச் சுற்றி வந்தாள். ஊசிப்பெட்டியைப் பின்னால் வைத்துக் கட்டிப் பார்த்தாள். பெட்டி இருப்பதால் பின்பக்கமாகக் காலை வீசிப் போட முடியவில்லை. முன்பக்கமாகத் தூக்கினால் முழங்கால் சீட்டிலேயே நின்றுவிட்டது. கடைசியில் வண்டியைச் சாய்த்து, கொடிக்கம்பத்தில் ஏறுகிறவள்போல் ஏறினாள். இரண்டு காலிலும் கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டும் தொடாமலும் தடவியது.

“எனக்கு எட்டலையேடா! உனக்கு எப்படி எட்டுச்சு?”

அம்மா உள்ளேயிருந்து மர ஸ்கேலோடு வந்துவிட்டாள். மறுபடியும் முதுகோடு முதுகு. ஸ்கேல் இந்த முறையும் சாயவில்லை.

“அப்போ உயரம் ஒண்ணுதான் அத்தை. எனக்குக் கால்தான் குட்டை. உடம்பெல்லாம் முதுகுலயே செலவாயிடுச்சு.”

“கால் எட்டலைன்னா என்ன, உனக்கு வாய் எட்டுதே. அது போதும்,” என்றாள் அம்மா.

இருவரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. சிரிப்போடு சிரிப்பாகப் போயிருக்கும். கொள்கை வாயைத் திறந்தான். “பழகினா சரியாயிடும் அண்ணி,” என்ற வாக்கியம் வெளியே வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

பழகுவது தினமும் காலையில் நடந்தது. செங்கல் சூளைக்குப் பின்னால் மேட்டுக்குப் போகும் தடம். அண்ணி ஓட்டுவாள், கொள்கை பின்னால் ஓடுவான். போகும்வரை குறையில்லை. நிறுத்தும்போதுதான் வினை. இரண்டாவது வளைவில் தடம் வலது பக்கம் சரிந்திருந்தது. அண்ணி பிரேக் பிடிப்பாள், வலது கால் தரையைத் தேடிப் போகும், தரை இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருக்கும். பிறகு அவளும் வண்டியும் ஒரே முடிவுக்கு வந்து, சேர்ந்தே சாய்வார்கள்.

தூக்குவதற்கு இரண்டு பேரும் வேண்டியிருந்தது. வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சீட்டின் அடியையும் பிடித்து, காலால் உந்தி எழுவாள் அண்ணி. அவளுடைய முழங்காலுக்குக் கீழே ஊதா நிறத்தில் ஒன்று, மஞ்சள் நிறத்தில் ஒன்று என்று காயங்கள் வயதுவாரியாக நின்றன.

“உன் படிப்பையும் கெடுக்கிறேன்டா. சலிச்சுக்காத.”

“சலிப்பெல்லாம் இல்ல அண்ணி.”

“அன்னைக்குக் கடையில நீ எப்படிக் கால வச்ச? ஒருவாட்டி ஏறிக் காட்டேன்.”

“அது... அன்னைக்கு ஷூ போட்டிருந்தேன்.”

மறுநாள் அவள் அவன் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தாள். அளவு ஒன்றுதானே. விழுந்தாள். எழுந்து ஷூவைத் தட்டி, ஓரத்தில் பட்ட கீறலைத் துணியால் துடைத்து, “உன் ஷூவைப் பாழாக்கிட்டேன்” என்று வருத்தப்பட்டாள்.

அதன் பிறகு கொள்கை வீட்டில் நல்லவனாக மாறினான். கேட்காமலே தேநீர் போட்டான். வண்டியில் அப்பிய சேற்றைக் கழுவினான். அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. “என்னடா, பரீட்சையில போயிடுச்சா?” என்றாள். அண்ணி அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, “காய்ச்சல் இல்ல அத்தை. ஒருவேளை திருந்திட்டாரோ என்னமோ” என்றாள். அந்தக் கை நெற்றியில் பட்டபோது அவனுக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தால் தேவலை என்று இருந்தது.

கல்லூரியில் அடுத்த கட்டுரை எங்கே என்று கேட்டார்கள். கொள்கை பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னான். யாரைக் கிண்டல் செய்யலாம் என்று யோசித்தால், எல்லா ஊரும் சுற்றிவிட்டு யோசனை அந்தச் சிமெண்டுப் படியிலேயே வந்து உட்கார்ந்தது.

ஒரு நாள் அவன் வீடு திரும்பியபோது அண்ணி கூடத்தில் தரையில் உட்கார்ந்து, பழைய ரப்பர் செருப்புகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். வெட்டிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி, மழைக்கால பூட்ஸின் அடியில் ஒட்டினாள். ஏற்கெனவே மூன்று அடுக்கு ஏறியிருந்தது. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் கைவேலைபோல் அத்தனை கவனமாகச் செய்தாள்.

“என்ன அண்ணி இது?”

“கால் பத்தலைல்ல? ஒட்டிக்கிறேன்.” நிமிர்ந்து சிரித்தாள். “நல்லா இருக்கா? நாலாவது அடுக்கு போட்டா உங்க அண்ணனே என்னை அண்ணாந்து பாக்கணும்.”

கொள்கை பசை டப்பாவை எடுத்துக் கொடுத்தான். சொல்ல வந்தது அதுவல்ல. கையில் அகப்பட்டது அதுதான்.

அடுக்கு பூட்ஸ் தரையை எட்டியது. ஆனால் கியரை மாற்றும்போது மிதிக்குள் சிக்கியது. டாக்டர் வருவதற்கு இரண்டு நாளே இருந்தது. அன்று காலை, ஊசிப்பெட்டியில் வெறும் பனிக்கட்டிப் பைகளை அடைத்துக்கொண்டு போனார்கள். அதே இரண்டாவது வளைவு. பூட்ஸ் மிதியில் மாட்டிக்கொண்டது. வெளியே வருவதற்குள் வண்டி சரிந்துவிட்டது. பெட்டியின் மூடி தெறித்து, பனிக்கட்டிப் பைகள் சரிவில் வழுக்கிக்கொண்டே போயின. அண்ணி கையை ஊன்றி விழுந்திருந்தாள். அவள் எழவில்லை. உட்கார்ந்தபடியே கடைசிப் பை எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் மணிக்கட்டுக்கு ஈரத்துணி சுற்றி உட்கார்ந்தாள். இடது கையில் போனை எடுத்தாள்.

“யாருக்கு அண்ணி?”

“டாக்டருக்கு. வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன்.” குரலில் கோபமே இல்லை. “வண்டியைக் குறை சொல்ல முடியாதுடா. நீ ரெண்டு காலையும் ஊனி உட்கார்ந்த வண்டி. ஆளுதான் சரியில்ல. ஜன்னல் என்ன, பழகினதுதானே.”

“எட்டல அண்ணி.”

“என்ன?”

“எனக்கும் எட்டல. அன்னைக்குக் கடையில.”

அண்ணி போனை மடியில் வைத்தாள். “எந்தக் கால்?”

“வலது.”

“இடது?”

“அது படிமேல இருந்துச்சு.”

“அப்போ சின்னது?”

“அது எட்டுச்சு. ரெண்டும். குதிகாலோட.”

கொள்கையிடம் அதற்குப் பிறகு சொல்ல நிறைய இருந்தது. கண்ணாடிக் கதவு, மூன்று சக்கர வண்டி, தாத்தா. நல்ல நாளில் சொன்னால் ஒரு கட்டுரைக்குத் தேறும். அண்ணி அவனைப் பார்க்கவில்லை. முன்னால் நீட்டிவைத்திருந்த தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத்தனை நாளா நான் இதைத் திட்டிக்கிட்டிருந்தேன்,” என்றாள்.

அவள் அழுதிருக்கலாம், அடித்திருக்கலாம். செய்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். அவள் ஈரத்துணியை அவிழ்த்துப் பிழிந்து மறுபடி கட்டினாள். கட்ட உதவ வந்தவனைக் கையால் தடுத்தாள்.

“நாளைக்கு அந்த வண்டியை நீயே கொண்டுபோய் மாத்து. ஆள் வச்சு அனுப்பாத.”

“நானே ஓட்டிட்டுப் போறேன் அண்ணி.”

“எதை ஊனி?”

தள்ளிக்கொண்டுதான் போனான். ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. கல்லூரி வாசலைத் தாண்டாமல் அந்தக் கடைக்குப் போக வழி கிடையாது. தேநீரைப் பகிர்ந்துகொண்டவர்கள் வாசலில் இருந்தார்கள்.

“என்ன கொள்கை, வண்டியை வாக்கிங் கூட்டிட்டுப் போறியா?”

“ஆமா,” என்றான் கொள்கை.

பதிலுக்கு ஒரு கிண்டலும் வராததால் அவர்களுக்குக் கவலையாகிவிட்டது. கூட வந்து தள்ளட்டுமா என்று ஒருவன் கேட்டான். வேண்டாம் என்றான்.

சின்ன வண்டி கதவோரத்திலேயே நின்றிருந்தது. “அன்னைக்கு வர்றேன்னவரும் வந்து பாத்துட்டு உசரமா இல்லையேன்னு போயிட்டாரு,” என்றார் கடைக்காரர். சிவப்பு வண்டியின் கீறல்களைத் தடவிப் பார்த்தார். அது விலை கூடினது, இது குறைந்தது. கீறலுக்கும் அதற்கும் சரியாகப் போயிற்று என்று அவர் முடித்துவிட்டார்.

கொள்கை போனை எடுப்பதற்குள் அண்ணியே கடைக்குள் வந்தாள். மணிக்கட்டில் கட்டு. மதிய இடைவேளையில் ஓடி வந்திருந்தாள். இனிமேல் கால்களை யாரிடமும் கொடுத்தனுப்புவதாக இல்லை என்று தெரிந்தது. அவளாகவே வண்டியைத் தள்ளி, சமதரையில் நிறுத்தி, சிரமமில்லாமல் காலைப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் பதிந்தன. குதிகாலைத் தூக்கி வைத்தாள். மறுபடி தூக்கி வைத்தாள். அடுத்த தடவை கொஞ்சம் ஓசை வர வைத்தாள். கொள்கை கடைக்காரரின் நாட்காட்டியைப் படிக்கத் தொடங்கினான். ஒரு எழுத்தும் மனதில் ஏறவில்லை.

சோதனை நாளுக்கு முந்தின இரவு மழை பெய்தது. காலையில் டாக்டர் தன் வண்டியில் முன்னால் போனார். அண்ணி பெட்டியோடு பின்னால். வீக்கம் வடிந்திருந்தது, வலி வடியவில்லை. கொள்கை சூளைக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் நின்றான். அங்கிருந்து இரண்டாவது வளைவு தெரியும்.

வளைவில் வண்டி வழுக்கியது. அண்ணி நிறுத்தினாள். இரண்டு காலும் இறங்கின. இரண்டுக்கும் தரை இருந்தது. பிறகு எஞ்சினை மெல்ல உறும விட்டபடி, காலால் உந்தி உந்தி, சேற்றைக் கடந்து மேலே ஏறி மறைந்தாள். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. கொள்கை மூச்சு விட்டான்.

அவர்கள் திரும்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது. டாக்டர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு குப்பியாகத் தூக்கிப் பார்த்தார்.

“உடையல. சூடும் ஆகல. திங்கட்கிழமையிலிருந்து நீங்களே எடுத்துட்டுப் போங்கம்மா.”

“நிறைய இடத்துல காலால தள்ளிக்கிட்டுதான் சார் வந்தேன்.”

“எந்த மாடும் அதைக் கேக்காதும்மா,” என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியோடு கிளம்பினார். அன்று போகாமல் விட்ட நாலாவது கொட்டகை பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. திங்கட்கிழமைக்குள் அந்த வழியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று போகும்போது சொன்னார்.

அண்ணி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். முகம் முழுக்கச் சேறும் சிரிப்பும். கொள்கை பக்கம் திரும்பியபோது சேறு மட்டும் இருந்தது.

“கை விட்டுப்போச்சு. நீ ஓட்டு. நான் பின்னால உட்கார்றேன். அந்தப் பள்ளத்தைப் பாத்துட்டுப் போயிடலாம்.”

“அண்ணி, அன்னைக்கு நான்...”

“ஓட்டுன்னேன்.”

அவன் ஏறினான். அவள் பின்னால் உட்கார்ந்தாள். அவன் தோளைப் பிடிக்கவில்லை. நல்ல கையால் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சரிவு தொடங்கும் இடத்தில் மாடு கழுவிக்கொண்டிருந்த நாலைந்து பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முன் சக்கரம் சேற்றில் ஒரு முறை நெளிந்தது.

கொள்கை இடது காலை இறக்கினான். பிறகு வலது காலையும் இறக்கினான். சேறு கணுக்கால் வரை ஏறியது. பார்க்கிறவர்களைப் பார்க்காமல், பின்னால் இருப்பவளின் கனம் எந்தப் பக்கமும் சாயாதபடி, ஊன்றி, உந்தி, ஊன்றி, உந்தி, அவன் வண்டியைப் பள்ளத்துக்குள் இறக்கினான்.